வால் போன மாப்பிள்ளை

எலி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மாம்பழக்கூழ் ஆலை, கேழ்வரகு குடோன், ரோஜாப் பூ கட்டும் ஷெட், கோழித் தீவனக் கடை என்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி தாண்டி பர்கூர் வரைக்கும் நான் போய் நிற்காத இடம் கிடையாது. "எலித் தொல்லை இருக்குதுங்களா?" என்று கேட்டால் முதலில் எல்லோரும் இல்லவே இல்லை என்பார்கள். சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். "எனக்கு எலி வேணுங்க, உயிரோட" என்றதும் முகம் மாறிவிடும். அப்புறம் தங்கள் எலிகளைப் பற்றி அவர்கள் பேசுகிற பெருமையைக் கேட்க வேண்டும்! எங்க எலி சிமெண்டுத் தரையையே குடையும் என்பார் ஒருவர். எங்களுது பூனையைத் துரத்தும் என்பார் பக்கத்துக் கடைக்காரர். அதெல்லாம் பெருச்சாளிங்க, எனக்கு வேண்டியது சுண்டெலி என்று சொன்னால், இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு சின்னதையா கேட்கிறாய் என்று ஏமாந்துபோவார்கள்.

அம்மா உறவுக்காரர்களிடம், "பொண்ணு கம்பெனியில ஆராய்ச்சி பண்ணுது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் காபி போட எழுந்து போய்விடுவாள்.

நான் தேடிக்கொண்டிருந்தது எலியைக்கூட இல்லை, எலிக்குள் இருக்கும் ஒரு திருட்டு மரபணுவை. விஷயம் ஒன்றும் கஷ்டமானதல்ல. அப்பாவிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும், பிள்ளைக்குப் போவது அதில் ஒன்று. எது போகும் என்பது நாணயத்தைச் சுண்டிப் போடுகிற மாதிரிதான். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. எங்கள் வீட்டில் ஒரு லட்டைக்கூட இவ்வளவு நியாயமாகப் பங்கு வைத்ததில்லை. ஆனால் சுண்டெலிகளில் சிலவற்றுக்குள் ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. அது இந்தப் பங்கீட்டுக்குக் கட்டுப்படாது. அதைச் சுமக்கிற ஆண் எலியின் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எப்படி என்றால், விந்தணுக்கள் உருவாகும்போதே அது வேலையைக் காட்டிவிடும். பந்தியில் எல்லா இலைகளுக்கும் போகிற சாம்பாரில் அள்ளி அள்ளி உப்பைக் கொட்டிவிட்டு, தன் ஆட்களுக்கு மட்டும் மோரை ஒளித்து வைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான். எல்லா விந்தணுக்களையும் கெடுக்கிற சரக்கை அதுவே பரப்பும், மாற்று மருந்தைத் தன்னைச் சுமப்பவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். மற்றவை நேராக நீந்தத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்க, இதன் ஆட்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பேராசை மிஞ்சினால் அதற்கும் கேடு உண்டு. ஒரே குட்டிக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் திருட்டுப் பிரதியாக அமைந்துவிட்டால், பெரும்பாலும் அது கருவிலேயே போய்விடும், தப்பிப் பிழைத்தாலும் ஆணாக இருந்தால் அதற்குப் பிள்ளையே பிறக்காது. அதனால்தான் உலகத்து எலிகள் எல்லாவற்றையும் அதனால் பிடிக்க முடியவில்லை.

இதைப் படித்த அன்றைக்கே எனக்கு அதன்மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டது. நான் வீட்டில் மூத்தவள். எதை வாங்கினாலும் தங்கைக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று கொடுத்துப் பழகியவள். பங்கே கொடுக்காத ஒருவன் இத்தனை லட்சம் ஆண்டுகளாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறான் என்றால் அவன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊர் எலிகளுக்குள் அவன் இருக்கிறானா என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஓசூர் தொழிற்பேட்டையின் ஓரத்தில், உதிரி பாகம் செய்யும் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி ஆலைக்கும் நடுவில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. வெளியிலிருந்து பிடித்துவந்த எலிகளுக்கென்று பின்பக்கம் தனியாக ஓர் அறை. பிடித்த ஒவ்வொரு எலிக்கும் டி.என்.ஏ. சோதனை செய்ய எங்களுக்கு வசதி இல்லை. எங்கள் சோதனை இயந்திரம் கட்டைவால் பெண் எலிகள்தான். பிறவியிலேயே பாதி வால்தான் அவற்றுக்கு. சாதாரண ஆணோடு சேர்த்தால் குட்டிகளில் பாதி அம்மா மாதிரி கட்டைவால், பாதி முழு வால். ஆனால் அப்பாவிடமிருந்து திருட்டு மரபணு வந்து, அம்மாவின் கட்டைவால் மரபணுவோடு ஒரே குட்டிக்குள் சேர்ந்துவிட்டால், அந்தக் குட்டிக்கு வாலே இருக்காது. வாலில்லாத குட்டி பிறந்தால் திருடன் அகப்பட்டான் என்று அர்த்தம். சுமக்கிற அப்பனுக்கு என்னவோ முழு வால் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வாலில்லாத குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை. மாப்பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் பொறுமைசாலி, ஆனால் அறை அவருடையது மட்டுமில்லையே. சர்க்கரை நோய் மருந்துக் குழு ஒன்று இடம் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. சித்திரையில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஜூன் முடியுறதுக்குள்ள ஒரு கேரியராவது, அதைச் சுமக்கிற எலி ஒண்ணாவது, கிடைச்சாகணும். இல்லன்னா ரூமைக் குடுத்துடுவோம். உனக்கு வேற டாபிக் பார்க்கலாம்" என்றார். நான் வெளியே வந்து அட்டைப்பெட்டி ஆலைச் சுவரைப் பார்த்துத் திட்டினேன். அந்தச் சமயத்தில் குட்டி போடும் வயதில் இருந்த கட்டைவால்காரிகள் இரண்டே பேர். அவர்களின் மகள்கள் பெரியவர்களாகி வருவதற்குள் ஜூன் முடிந்துவிடும்.

குருபரப்பள்ளிப் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. அதன் கேட்டில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருந்தார். பொறிகளை வைக்கவும் எடுக்கவும் நான் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு டீ சொல்வார். அந்த ஆலையில் என்னை எலி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆரம்பித்து வைத்தவர் அவரே. பேராசிரியர் கெடு வைத்த மறுநாள் போனபோது மனசு தாங்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். ஜூனுக்குள் கிடைக்காவிட்டால் அறை போய்விடும், ஆராய்ச்சி போய்விடும், இத்தனை நாள் அலைந்ததெல்லாம் வீண்.

"அப்படி எந்த எலிதாம்மா வேணும் உனக்கு?" என்றார்.

"சரியான அப்பன் எலி கிடைச்சா, குட்டிங்க வாலில்லாம பொறக்கும்ணா. அதுதான் அடையாளம்."

"அவ்ளோதானே" என்றார். ஏதோ கடையில் தீர்ந்துபோன சாமானை வாங்கி வைக்கிறேன் என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் தன் தங்கை வீட்டுக்கு வந்த அண்ணன், பூசை முடித்த கையோடு வெள்ளைச் சட்டையில் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. மூடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள்.

"கெடச்சுட்டான் மேடம்."

மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். மாம்பழத் தோல் மேல் ஒரு சுண்டெலி உட்கார்ந்திருந்தது. ஆண்தான். நல்ல திடகாத்திரம். திரும்பி உட்கார்ந்தபோது பார்த்தேன், வால் இல்லை. வால் இருந்த இடத்தில் ஒரு மணியளவு தழும்பு, காய்ந்து கறுத்திருந்தது. ஷட்டரிலோ பொறியிலோ மாட்டி அறுந்துபோயிருக்கிறது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணா, இதுக்குப் பொறக்கும்போது வால் இருந்துச்சுண்ணா. அடிபட்டுப் போயிருக்குது."

"எப்படிப் போனா என்ன? இல்லதானே?"

"அப்படி இல்லண்ணா. உங்களுக்கு ஒரு விரல் போயிடுச்சுன்னு வைங்க, பொறக்குற பிள்ளைக்கும் விரல் இல்லாமலா போகும்?"

அவர் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. "மனுசனுக்கு அப்படி. எலிக்கு எப்படியோ? நீ போட்டுத்தான் பாரேன்மா" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "இது என் வூட்டுக்காரி தூக்கு. இதுல எலி எடுத்துனு வந்தேன்னு தெரிஞ்சா இனிமே எனக்குச் சோறே கிடையாது" என்றார்.

வாளியை வாங்கிக்கொண்டேன். சொல்லப்போனால் மறுக்க எனக்குக் காரணமும் இல்லை. வால் போனது அதன் மரபணுக்களுக்குத் தெரியவே தெரியாது. வாலுள்ள எந்த ஆணுக்கும் என்ன வாய்ப்போ, அதே வாய்ப்புத்தான் இதற்கும். பேராசிரியருக்கு போன் செய்து சொன்னேன். "வால் போன மாப்பிள்ளையா?" என்று அவர் சிரித்த சிரிப்பு தூக்குவாளி வரைக்கும் கேட்டிருக்கும். "நல்லதாப் போச்சு, போடு" என்றார். கழுவிக் கொடுத்த தூக்குவாளியை மோந்து பார்த்துக்கொண்டே அண்ணன் பஸ் ஏறினார்.

அறைக்குப் புது எலி வந்தால் சில நாள் தனியே வைத்து நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஜோடி சேர்ப்போம். என் மனசில் வேறொரு மாப்பிள்ளை இருந்தான். பர்கூர் கேழ்வரகு குடோனிலிருந்து வந்தவன். மினுமினுவென்று இருப்பான். எதற்கும் பயப்பட மாட்டான், கையை நீட்டினால் கடிக்க வருவான். திருடன் என்றால் இவன்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிச்சயம். என்ன காரணம் என்று கேட்டால் ஒன்றும் கிடையாது. அண்ணன் தழும்பைப் பார்த்து நம்பியதற்கும் நான் திமிரைப் பார்த்து நம்பியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கட்டைவால்காரிகளில் துடியான ஒருத்தியை அவனுக்குக் கொடுத்தேன். சாதுவான இன்னொருத்தியை வால் போன மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன்.

பர்கூர்க்காரனின் பிள்ளைகள் முதலில் பிறந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டைவால், முழு வால், கட்டைவால், முழு வால். பாடப்புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு ஒழுங்கு. வெளியே அவ்வளவு ரவுடித்தனம் பண்ணிவிட்டு உள்ளே இவ்வளவு யோக்கியனாக இருப்பான் என்று யார் கண்டது? அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, வேறு டாபிக் என்றால் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாதுக்காரிக்கோ வயிறே தெரியவில்லை. பிறகு ஒருநாள் தெரிந்தது. பிறகு ரொம்பத் தெரிந்தது. பருத்தி, காகிதத் துண்டு எல்லாவற்றையும் இழுத்து மூலையில் குவித்துக்கொண்டு, என்னைக் கண்டால் முதுகைக் காட்டினாள். அந்த ஜூன் மாதத்தில் அவள் வயிற்றை நான் பார்த்த மாதிரி என் அத்தைகள்கூட எந்த மருமகள் வயிற்றையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு காலையில் போனபோது கூட்டிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது, கொஞ்ச நேரம் விட வேண்டும். எனக்குக் கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்றே தெரியவில்லை. பக்கத்துக் கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றினேன், மாற்றிய கூண்டுக்கே மறுபடியும் மாற்றினேன். அவள் தீனி தின்ன எழுந்து வந்ததும் பஞ்சை மெல்ல விலக்கினேன்.

ஏழு குட்டிகள். ரோஜா நிறத்தில், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன. முதலில் கையில் வந்ததற்குப் பின்பக்கம் உருண்டையாக, மொழுக்கென்று இருந்தது. வாலே இல்லை. திருப்பிப் பார்த்தேன். தழும்பு, காயம், எதுவும் இல்லை, பிறவியிலேயே இல்லை. அடுத்ததற்கும் இல்லை. மூன்றாவதற்கு நூல் மாதிரி முழு வால். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது வாலே இல்லாதவை நான்கு, முழு வால் மூன்று.

எலி அறையில் சத்தம் போடக் கூடாது என்று கதவில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடி வந்து "ஐயோ அம்மா!" என்று கத்தினேன். பட்டறையிலிருந்து ஒருவர் சுவர் மேல் எட்டிப் பார்த்து, தேள் கொட்டிவிட்டதா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை, குழந்தை பிறந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்று இறங்கிவிட்டார்.

போன் செய்ததும் பேராசிரியர் ஈரத் தலையோடு வந்தார். துண்டைத் தலையில் கட்டியபடியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கட்டைவால் எங்க?" என்றார்.

அதுவரைக்கும் நான் இருந்ததைத்தான் பார்த்தேன், இல்லாததைப் பார்க்கவில்லை. அம்மா மாதிரி ஒரு குட்டிகூட இல்லை! அம்மாவின் கட்டைவால் மரபணுவை வாங்கிய குட்டிக்கு அப்பாவிடமிருந்து யோக்கியமான பிரதி வந்திருந்தால் அது கட்டைவாலாகப் பிறந்திருக்கும். அப்படி ஒன்றுமே இல்லை என்றால், கட்டைவாலை வாங்கிய நான்குக்கும் அப்பாவிடமிருந்து வந்தது திருட்டுப் பிரதிதான். பாதிக்குப் பாதி வர வேண்டியவன் நான்கு முறையும் முந்திக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஒருத்தன்கூட நேர் வழியில வரலையே!" என்று பேராசிரியர் கையைத் தட்டினார். இப்படிச் சந்தோஷப்பட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் திருட்டை நினைத்து இவ்வளவு ஆனந்தம் வந்தது யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று சொன்னதும் அவர்தான். ஏழு குட்டிகளின் மாதிரியையும் பெங்களூருக்கு அனுப்பினோம். முழு வாலோடு பிறந்த மூன்றும்கூடத் திருட்டுப் பிரதியை வைத்திருக்கின்றன என்று பதில் வந்தது. சர்க்கரை நோய்க் குழுவுக்குப் பேராசிரியர் என் எதிரிலேயே போன் போட்டு, அறை காலியாகாது என்றார்.

இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு குருபரப்பள்ளிக்கு பஸ் ஏறினேன். மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, ஊரே பழ வாசனை. போனில் இருந்த படத்தைக் காட்டியதும் அண்ணன் அதை வாங்கி, கேட்டுக்குள் போகிற டிரைவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் காட்டினார். ஓசூர்க்காரரிடம் தமிழில், மாலூர்க்காரரிடம் கன்னடத்தில். எல்லோரிடமும் ஒரே சேதி, அப்பனுக்கு வாலில்லை, அதனால் பிள்ளைக்கும் வாலில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. என் படிப்புக்கு நான் செய்யும் துரோகம் மாதிரி இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முதலிலிருந்து நிதானமாகச் சொன்னேன். வால் அறுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்குள் அந்த மரபணு ஏற்கெனவே இருந்தது. வால் முழுசாக இருந்திருந்தாலும் இதே பிள்ளைகள்தான் பிறந்திருக்கும். இந்த முறை அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து, ஏன்டி சொன்னாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அப்போ வாலிருக்கிற எலிகூட அவனா இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்ணா."

"அடக் கடவுளே" என்று தொப்பியைக் கழற்றினார். "நீ அன்னிக்கு ரூமு போயிடும்னு சொன்னதுல இருந்து டூட்டிக்கு வந்ததும் மொத வேலையா டிரம் சந்துல பொறி வெச்சேம்மா. தெனமும் மாட்டுச்சு. வாலிருந்தா உனக்கு ஆவாதுன்னு எல்லாத்தையும் வுட்டுட்டேன். இங்கயே வுட்டா திரும்பி வந்துடும்னு லாரிக்காரங்க கையில குடுத்து பார்டர் தாண்டி வுடச் சொன்னேன்."

"எத்தனைண்ணா?"

"எண்ணவா செஞ்சேன்? இந்த ஒருத்தன் கெடைக்கிற வரைக்கும் வுட்டுக்கினே இருந்தேன்."

ஒரு வருஷமாக நான் ஊர் ஊராகக் கெஞ்சி வாங்கியதை விட அதிகமான எலிகள் என் பெயரைச் சொல்லிக் கர்நாடகத்துக்கு லாரி ஏறிப் போயிருக்கும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எனக்காக ஒருவர் தினமும் காலையில் டிரம்களுக்கு நடுவே குனிந்து தேடியிருக்கிறார், வாரக்கணக்காக, தப்பான எலியை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பயந்துபோய், "அழாதம்மா, இனிமே வாலோடயே புடிச்சுத் தர்றேன்" என்றார்.